பக்குவம் என்னுஞ் சொல்லும் பொருளும்

சைவசித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு அடிக்கடி எதிர்ப்படுஞ் சொற்களுள் பக்குவம் என்பது ஒன்று. அடிக்கடி எதிர்ப்படுஞ் சொல்லே பெரும்பாலும் ஆராயப்படாது கழிவது. ஆணவம் யாது, மாயை யாது, திரோதானம் யாது என்று மாணாக்கர் வினாவுவர். பக்குவம் யாதென்று வினாவுவார் அரியர். அடுக்களையிலும் வயலிலும் நாடோறும் வழங்குஞ் சொல்லாதலின் அதன் பொருள் தமக்கு முன்னரே தெரியுமென்று கருதிவிடுகின்றனர். மயக்கத்திற்கு வித்து அக்கருத்தே. உலகவழக்கிற் பக்குவம் என்பது ஒன்று. சாத்திரவழக்கிற் பக்குவம் என்பது பிறிதொன்று. முன்னதைப் பின்னதன்மேல் ஏற்றிக்கொண்டு, தீக்கை வேண்டி வந்த ஒருவனை நோக்கி, 'உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை' என்று ஒரு சொல்லாற் போக்கிவிடுதல் இக்காலத்து நிகழக் காண்கின்றோம். அங்ஙனங் கூறுதல் சாத்திரத்திற்கு ஒக்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பக்குவம் வடசொல், சமைத்தல் என்னும் பொருளுடைய 'பச்' என்னுந் தாதுவிற் பிறந்தது. பாகம், பரிபாகம், விபாகம் என்பனவும் அத்தாதுவின் வழியினவே. ஆகவே இச்சொல்லின் பிறப்பிடம் அடுப்பு. தீயும் நீருங் கூடிய கூட்டத்தில் வல்லரிசி சோறாகும் நிலையே முதற்பக்குவம். பின்னர் ஞாயிற்றின் வெம்மையாற் காய் கனியாவதும், கொண்ட உணவு வயிற்றுத் தீயால் அறுவதும், செய்த வினை பயனாய் விளைவதும் அப்பெயரையே பெற்றன.

தமிழிலும் இவ்வழியே ஒரு சொல் நடந்திருத்தல் வியப்பைத் தருவது. சமைதல் என்பது அடுதலையும் குறிக்கும்; பெண்மகள் பருவமெய்துதலையும் குறிக்கும். பக்குவமடைதல் என்பதற்கும் நாட்டுவழக்கில் அவ்விரு பொருளும் உள. இருமொழிகளும் ஒன்றையொன்று பார்த்தெழுதினவோ, மக்களின் கருத்தோட்டம் எங்கும் ஒருவகைத்தோ, யாம் துணிகின்றிலம். சமைதற்கு அடிப்பொருள் ஒன்றற்கு ஆயத்தமாதல் என்பதுமட்டும் தெளிவு. சமயம் என்னுஞ் சொல்லையும் இதனோடு இணைத்து, மக்களைச் சமைத்தலிற் சமயமாயிற்று என்று மேடைகளிற் பேசுவார் உளர், கேட்டற்கு இனிதே. அவ்வழக்கில் யாம் இங்குப் புகுகின்றிலம்.

பக்குவத்திற்கு நேராகத் தமிழில் வழங்குவன பல. பழுத்தல், கனிதல், முதிர்தல், விளைதல், பதம், செவ்வி என்பன அவற்றுட் சில. இவற்றை ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டு எழுதுவார் பலர், அது பொருந்தாது. பழுத்தலில் நிறமும் சுவையுந் திரிதல் நோக்கு. கனிதலில் நெகிழ்ச்சி நோக்கு. விளைதலிற் பயன் நோக்கு. முதிர்தலில் நோக்கு காலம் ஒன்றே. வெண்டைக்காய் முற்றினால் கறிக்கு ஆகாது, முருங்கையும் அத்தகையதே. அவற்றிற்கு இளமையே பதம். ஆயின் அம்முற்றிய வெண்டையே விதைக்கு வேண்டுமாயின் அதுவே பக்குவமுடையது. ஒரு காய் ஒரே நாளிற் கறிக்குப் பக்குவமின்றியும் விதைக்குப் பக்குவமாயும் இருத்தலை நோக்குக. எனவே முதிர்ச்சி வேறு, பக்குவம் வேறு. பக்குவமென்பது ஒன்றற்கு ஏற்றதாம் நிலை. அச்சொல்லைக் கேட்குந்தோறும், பக்குவமடைவது எது, எதற்குப் பக்குவமடைவது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை பெறல்வேண்டும். விடை பெறாது வழங்கின் அது வெறுஞ்சொல்லேயாம்.

உலகியலில் இவ்விரண்டற்கும் விடையுண்டு. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவருகைச் சட்டம் 18 ஆண்டு நிறைந்தானை உரிமைச் செயல்களுக்கு ஏற்றவன் என்கின்றது. அது காலத்தையன்றிப் பிறிதொன்றை நோக்கவில்லை. நோக்குதல் அதற்கு இயலவும் இயலாது. ஆயுட்காப்புப் பத்திரமும் வங்கி வைப்பும் குறித்த நாளில் முதிர்வடைகின்றன. அங்கே பணங் கொடுத்தற்கு நாளே போதும். இக்காலத்து உளநூலார் ஒருவனை முதிர்ச்சியுடையான் என்னும்போது, சினத்தை அடக்குதல், பிறர் நிலையை எண்ணுதல், செய்ததற்குப் பொறுப்பேற்றல் முதலிய குணங்களைக் கருதுகின்றனர். அவையெல்லாம் நல்லனவே. ஆயின் இவற்றுள் எதுவுஞ் சித்தாந்தங் கூறும் பக்குவம் ஆகாது.

சித்தாந்தத்திற் பக்குவமடைவது எது? ஆன்மா என்று விடைகூறுவர் பெரும்பாலார். 'ஆன்மபக்குவம்' என்னுந் தொடர் நம் நூல்களிலும் உரைகளிலும் வழங்குதலால் அவ்விடை எளிதில் தோன்றும். ஆயின் சிறிது நின்று நோக்கல்வேண்டும். காய் கனியாதல் பரிணாமம். ஆன்மாவே அங்ஙனந் திரியுமாயின், திரிவதெல்லாஞ் சடமும் அழிவதும் ஆதலின், ஆன்மாவும் சடமாய் அழியும். அதனைச் சித்தாந்தம் உடன்படாது. ஆன்மா சித்து, அறிவிக்க அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. அது சாரும் பொருளே மாறும். அதன் இயல்பு மாறாது. ஆகலின் பக்குவமடைவது ஆன்மாவன்று. அதனை அநாதியே மறைத்துநிற்கும் ஆணவமலமே என்க. எதற்கு? நீங்குதற்கு. இது பற்றியே ஆசிரியர்கள் மலபரிபாகம் என்று மலத்தை முன்வைத்து ஓதினர். மலம் தன் மறைக்கும் ஆற்றல் தேய்தற்குரிய துணைக்காரணங்களோடு கூடி, நீக்குவானுக்கு நீக்கத்தகும் நிலையெய்துதலே பரிபாகம். அந்நிலை எய்திய மலத்தையுடைய ஆன்மாவைப் பக்குவான்மா என்றல் உபசாரம். கண்ணிற்படலம் முற்றியவனைப் 'பார்வை முற்றினவன்' என்பார் கூற்றுப் போல்வது. திரோதான சத்தியை மலமென்றதும் மலத்தைச் செலுத்துதல் பற்றிய உபசாரமேயன்றோ? உபசார வழக்கை உண்மை வழக்காகக் கொள்ளின் சித்தாந்தம் தலைகீழாம்.

இதற்கு யாம் வாழும் ஊரின் தொழிலொன்று நல்ல உவமை தருகின்றது. தாமல் காஞ்சிக்கு மேற்கே, வராகீசுவரர் கோயிலும் பேரேரியும் உடையதாய், தொண்டைமண்டலத்து 24 கோட்டங்களுள் ஒன்றற்குத் தன் பெயரைக் கொடுத்து விளங்குவது. இவ்வூர்ப்பக்கத்தும் காஞ்சியிலும் பட்டுநெசவு பெருந்தொழில். கச்சாப் பட்டுநூலைக் கண்டவர் அதனைப் பட்டென்றே நம்பார். விறைப்பாய், மங்கலாய், தொட்டாற் சொரசொரப்பாய் இருக்கும். காரணம் அதனைப் போர்த்திருக்கும் பிசின். அப்பிசின் நூலின் நிறையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை உளது. அதனை நீக்காது சாயந்தோய்த்தால் சாயம் ஒருசீராய் ஏறாது. ஆதலின் சவர்க்காரமும் சோடா உப்பும் கலந்த வெந்நீரில் நூலை அவிப்பர். பிசின் இளகிக் கழன்றவுடன் மென்மையும் ஒளியும் வெளிப்படுகின்றன.

ஈண்டு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அப்பிசின் இடையில் ஒட்டிய அழுக்கன்று. பட்டுப்புழு தன் வாயினின்று இழையை உமிழும்போதே இரண்டு நுண்ணிழைகளையும் அவற்றைச் சூழ்ந்த பிசினையும் ஒருங்கே உமிழ்கின்றது. இழை தோன்றியபின் பிசின் வந்ததென்றல் இல்லை. ஆணவத்தைச் சகசமலம் என்பதன் கருத்து மாணாக்கர்க்கு விளங்காதபோது யாம் இதனையே காட்டுவது வழக்கம். செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் பழைய உவமைகள். நெல்லைக் குத்தியறியாத இக்கால இளைஞர்க்கு இவ்வுவமை கண்ணெதிரே உளது. இரண்டாவது, அவித்தலால் இழை புதிதாக ஒளிபெறவில்லை. முன்னுள்ள ஒளி மறைப்பு நீங்க விளங்கிற்று. கொப்பரையில் வேவது நூலென்று வழங்கினும், நெகிழ்ந்து பக்குவமானது பிசினே. மூன்றாவது, பிசின் தானே நெகிழவில்லை. நீர், தீ, உப்பு, அவற்றைக் கூட்டுவான் கை ஆகிய அனைத்தும் வேண்டப்பட்டன. மலம் சடமாதலின் தானே பரிபாகமுறாது; மாயையாலாகிய உடல் கருவிகளையும் வினைப்பயனையும் கூட்டித் திரோதான சத்தி செலுத்தவே பரிபாகமுறும். அழுக்கைப் போக்க வண்ணான் சாணமும் உவரும் ஆடையிலேற்றும் உவமையால் அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் இதனை விளக்கினார். காஞ்சியில் திருக்குறிப்புத்தொண்டர் வாழ்ந்த தொழிலும் அதுவே.

உவமையை எல்லைகடந்து கொள்ளலாகாது. பிசின் நீரோடு கழிந்தொழிகின்றது. ஆணவமோ பொருளளவில் அழிவதில்லை, அதன் சத்தியே மெலிகின்றது. முத்தியினும் ஒளியின்முன் இருள்போல அடங்கிக்கிடக்கும். இழையும் பிசினும் இரண்டுஞ் சடம், ஆன்மா சித்து. புழுவைக் கொன்று பெறும் நூலைச் சிவநெறிக்கு உவமையாக்கலாமோ என்று ஓர் அன்பர் வினாவினார். உவமை நூலளவே. கோறல் பற்றிய வினா நேரியதே; அதற்கு இடம் வேறு.

சில ஆண்டுகளின் முன்னர்ச் சாயத்தொழில் செய்யும் முதியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். தீக்கை பெறவேண்டும் என்னும் ஆர்வத்தால் ஓரிடத்திற்கு மூன்றுமுறை சென்றதாகவும், மூன்றுமுறையும் 'பக்குவம் வரட்டும்' என்று திருப்பப்பட்டதாகவும் கூறினார். ஒருமுறையேனும் அவரை அமரச்செய்து எதனையும் வினாவினாரில்லை. வருத்தத்தோடு அவர் கேட்டது இது: 'ஐயா, எங்கள் பட்டறையில் நூல் தானே எழுந்துவந்து நான் வெந்துவிட்டேன் என்று சொல்லுவதில்லை. நாங்கள்தாம் எடுத்துப் பிழிந்து, விரலால் நீவிப் பதம் பார்க்கிறோம். பார்க்காமலே நூலைக் குறை சொன்னால் அது தொழிலா?' சாத்திரம் யாதும் கல்லாத அவர்வாயிற் பிறந்த அவ்வினா, பன்னாட் கற்றாரையும் வாயடைக்கச் செய்வது.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் உரைத்ததும் இதற்கு அரண் செய்வது. தவத்தால் மேம்பட்ட உயிர்க்கு இறைவன் தானே குருவாய் எழுந்தருளி உணர்த்துவன் என்பது அதன் கருத்து. விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்குத் திருவுருக் கொண்டும், சகலர்க்குக் குருவடிவில் மறைந்தும் உணர்த்துவன் என்று மூவகையாக வகுப்பர். மூவகையினும் வருபவன் அவனே. தேடி வருதல் உயிரின் கடனென்று வைக்கப்படவில்லை. பரிபாகங் கண்டு உணர்த்துதல் குருவின்பாலது. பரிபாகத்தை நிறுவிக்காட்டுதல் மாணாக்கன்பாலதன்று. நோயாளன் தன் நாடியைத் தானே பிடித்து மருத்துவனுக்கு மெய்ப்பித்தல் எங்கேனும் உண்டோ?

சந்தானாசாரியர் வரலாறுகளை இந்நோக்கிற் காண்க. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தியார் ஆண்டில் முதிர்ந்தவர், ஆகமங்களிற் கரைகண்டவர், மெய்கண்டார் தந்தையின் குலகுரு. தம் மாணாக்கர் ஒரு பிள்ளையின்பாற் சென்று கேட்கின்றனர் என்பதறிந்து வெகுண்டு திருவெண்ணெய்நல்லூர்க்கு ஏகினார். ஆணவத்தின் வடிவு யாதென்று அவர் வினாவ, மெய்கண்டார் வாய்திறவாது, நின்ற அவரையே அடிமுதல் முடிகாறும் நோக்கிச் சுட்டினார் என்பது வரலாறு. அந்நொடியே அருணந்தியார் அடிவீழ்ந்தார். ஆண்டால் அளப்பின் பக்குவம் அருணந்தியாரிடத்து. கல்வியால் அளப்பினும் அவரிடத்தே. ஆயின் குழவியே குரு, முதியவரே மாணாக்கர். இதனிற் பிறிதொன்றும் நோக்கத்தக்கது. வாயிலிற் கால்வைக்கும்போது அருணந்தியாரிடம் இருந்தவை சினமும் செருக்கும். புறக்குறி கொண்டு அளந்திருந்தால் அவரைப்போல் அபக்குவர் அன்று அவ்வூரில் இலர் என்றே கூறியிருத்தல் வேண்டும். மெய்கண்டார் அச்செருக்கையே உபதேசத்திற்குக் கருவியாக்கினார். கழலுந் தறுவாயிலுள்ள பொருளே மிக்குத் தோன்றுதல் உண்டென்பதைக் கண்டாரல்லரேல், இருபா இருபஃதும் சித்தியாரும் நமக்குக் கிடைத்திரா.

உமாபதி சிவாசாரியர் வரலாறு இதனினும் நுண்ணிது. அவர் இயற்றிய சங்கற்பநிராகரணம் சகம் 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல் எழுந்தது என்பது அந்நூலாலேயே அறியப்படும். தில்லைவாழந்தணருள் ஒருவராய்ச் சிவிகையூர்ந்து பகலிலும் விளக்கு முன்செல்ல வருங்கால், வழியிலிருந்த மறைஞானசம்பந்தர் கூறிய ஒரு சொல்லுக்கு இறங்கி அவர்பின் சென்றார். குரு நெசவாளரிடம் கூழ் வாங்கியுண்ண, அவர் கையின்வழி ஒழுகியதைத் தாம் ஏற்றுப் பருகினார். அதனால் தம் குழுவினரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். பின்னர் அவரிடத்து விறகு கொண்டுவரும் பெற்றான் சாம்பான் என்பார், தமக்கு முத்தி கொடுக்குமாறு கூத்தப்பெருமான் விடுத்த திருமுகத்தோடு வந்து நின்றார். உமாபதியார் சத்தியோ நிருவாண தீக்கை செய்ய, அவர் அப்பொழுதே ஒளியிற் கலந்தார். சாம்பான் மனைவி அரசனிடம் முறையிட்டாள். அரசன் வந்து ஐயுற்று வினாவ, அருகில் நின்ற முள்ளிச்செடிக்கும் அத்தீக்கையே செய்து முத்தி காட்டினார் என்பர்.

முள்ளிச்செடியை நோக்குக. அதற்கு ஆண்டு யாது, ஆசாரம் யாது, கல்வி யாது? உளநூலார் கூறுங் குணமுதிர்ச்சியைச் செடியினிடத்து எங்ஙனங் காண்பது? பக்குவமென்பது ஒழுக்கத்தின் சிறப்பென்றோ அறிவின் நிரப்பமென்றோ கொள்வார்க்கு இவ்வரலாறு பொருளற்ற கதையாய் முடியும். சிலர் நாணி அதனைப் பாடத்தினின்று விடுத்துவிடுகின்றனர். பரிபாகம் மலத்தின்பாலது என்று கொள்வார்க்கோ இதிற் சிறிதும் இடர்ப்பாடு இல்லை. செடியுடலில் நின்ற உயிரினது மலமும் மலமே. அது நீங்குந் தறுவாயில் இருந்ததென்று காண வல்லவர் கண்டார். இவ்வரலாற்றை விடுத்தற்கு மாறாக, பக்குவப்பாடத்தை இதிலிருந்தே தொடங்கல்வேண்டும் என்பது எம் கருத்து.

அற்றேல், சரியை கிரியை யோகங்கள் எற்றுக்கு, ஒழுக்கம் எற்றுக்கு, மலம் பரிபாகமுற்றவழி முற்றுக என்றிருத்தலே அமையாதோ எனின், அமையாது. கொப்பரையின்கீழ்த் தீயின்றி நூல் வேவதில்லை. சரியை முதலியன பரிபாகத்திற்குத் துணைக்காரணங்கள். அவற்றைச் செய்விப்பதும் அருளே. அவற்றை நிகழ்த்துங்கால் 'யான் இத்துணைச் செய்தேன், ஆகலின் பக்குவனாயினேன்' என்னும் எண்ணம் எழுமாயின், அவ்வெண்ணமே ஆணவம் இன்னும் வலியுடையதென்பதற்குச் சான்று. பக்குவன் தன்னைப் பக்குவன் என்றறிதல் அரிது. கார்பைடுக்கல் வைத்துப் பழுக்கச்செய்த மாங்கனி மேனி முழுதும் பொன்னிறங் காட்டும், வாயிலிட்டால் புளிக்கும். அக்கல்லைச் சட்டமே தடுத்துளது. வேடத்திற்கு அத்தகைய தடையில்லாமை நம் குறை.

இனிப் புறக்குறிகளால் பரிபாகத்தை அறியவே ஒண்ணாதோ எனின், ஒருவாற்றான் அறியலாம். சத்திநிபாதம் பதிந்தார்க்கு இறைவனிடத்து அன்பும், அடியாரைக் காணின் உவகையும், பாசத்தின்கண் வெறுப்பும் நிகழும் என ஆகமங்கள் கூறும். மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைத்தாய்ப் பதிதலின், அக்குறிகளும் சிறிதாயும் பெரிதாயும் தோன்றும். ஈண்டு ஒன்று கருதுக. மந்தமாகப் பதியினும் அது சத்திநிபாதமே. தீக்கை வேண்டுமென்னும் வேட்கையோடு ஒருவன் பன்முறை நடந்துவருதலே ஓர் அடையாளமன்றோ? அதனினும் மேலான அடையாளத்தை முதல்நாளிலேயே எதிர்பார்த்தல், சரியைக்கு வந்தானிடம் ஞானியின் இலக்கணம் தேடுவதாகும்.

கண்படல உவமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. மலம் கண்ணை மறைக்கும் படலம் போல்வது, அதனை நீக்குந் தீக்கை மருத்துவன் செயல் போல்வது என்பது ஆகமவழி வந்த உவமை. பண்டு மருத்துவர் புரை முற்றுங்காறும் காத்திருந்தனர். ஓர் இளைய மாணாக்கன், 'இக்காலத்து அங்ஙனம் காத்திருப்பதில்லையே. 1967-இல் சார்லசு கெல்மன் என்னும் மருத்துவர் ஒலியலையாற் புரையை உடைத்தெடுக்கும் முறை கண்டபின் முற்றாத புரையும் எடுக்கப்படுகின்றதே. குருவும் காத்திராமலே மலத்தை நீக்கலாகாதோ?' என்று வினாவினான். கூர்த்த வினாவே. உவமை ஒருபுடையே கொள்ளற்பாலது என்று கூறி அமையலாம்; ஆயினும் அவ்வுவமையிலேயே நமக்கு வேண்டும் விடை உளது. முற்றட்டும் என்ற பழைய மருத்துவனும், இன்றே எடுப்பேன் என்னும் புதிய மருத்துவனும், இருவரும் இமையைத் திறந்து கண்ணை நோக்கியபின்னரே கூறினர். இறைவன் காத்திருப்பது ஆற்றலின்மையாலன்று. ஞாயிறு ஒன்றே எல்லா மொட்டின்மேலும் ஒளிர, அலர்தற்குரியது அலர்கின்றது. ஆசாரியனோ நோக்கும் பணியையே தன் பணியாகப் பெற்றவன். நோக்காது கூறின் அவன் கூற்றிற்கு மருத்துவன் சொல்லின் மதிப்பும் இல்லை.

மாணாக்கனைச் சிலகாலம் உடனிருத்தி ஆராய்க என்று தீக்கைவிதி கூறுதலும் இதனாலேயே. 'பக்குவம் வரட்டும், பின்னர் வா' என்பதற்கு அவ்விதியில் இடமில்லை. 'இங்கே இரு, காண்போம்' என்பதற்கே இடமுண்டு. இரண்டற்குமுள்ள வேற்றுமை சிறிதன்று. முன்னது கதவை அடைக்கின்றது. பின்னது திண்ணையில் அமர்த்துகின்றது.

ஆகமங்களின் அருணோக்கம் இன்னும் தெளிவாக விளங்குவது நிர்ப்பீச தீக்கையில். நிருவாண தீக்கை சபீசம் நிர்ப்பீசம் என இருவகைப்படும். விதித்த அனுட்டானங்களை வழுவாது நடத்த வல்லார்க்குச் சபீசம். பாலர், முதியோர், நோயாளர், மகளிர், அறிவு விளங்கப்பெறாதார் முதலிய ஆற்றாதார்க்கு நிர்ப்பீசம் என்று சித்தியாரும் வகுத்துரைக்கின்றது. மகளிரை ஆற்றாதாரோடு எண்ணியது அக்கால வாழ்க்கைநிலை பற்றியது. இன்றும் அதனை அங்ஙனமே கொள்ளல் வேண்டுமென யாம் வற்புறுத்துகின்றிலம். ஈண்டுக் கொள்ளத்தக்கது பிறிதொன்று. அனுட்டிக்கும் ஆற்றல் இன்மை பக்குவமின்மை ஆகாது என்று ஆகமமே தெளிவாகப் பிரித்துவிட்டது. கையால் மலரெடுக்கமாட்டாத நோயாளனுக்கும், மந்திரம் நாவில் நில்லாத முதியோனுக்கும் வாயில் திறந்தே உளது. ஆற்றலுக்கேற்பத் தீக்கையின் வகை மாறும், தீக்கையே மறுக்கப்படுவதில்லை. அச்சாயத்தொழிலாளரை மூன்றுமுறை திருப்பியவர் முதுமையைக் கருதினரோ, கல்லாமையைக் கருதினரோ, பிறிதெதனைக் கருதினரோ, அவற்றுள் எதுவும் ஆகமத்தில் விலக்காக இல்லை. நாம் அவர்க்குக் கூறியது இவ்வளவே. அவர் பின்னர் வேறோர் ஆசாரியரை அடைந்து சமயதீக்கை பெற்றார். அவ்வாசாரியர் முதல்நாளிற் கேட்ட வினா, 'தினமும் கோயிலுக்குப் போகிற வழக்கமுண்டா?' என்பதாம். தம் வீட்டினின்று வராகீசுவரர் சந்நிதிவரை நடக்கும் நாற்பதாண்டு வழக்கத்தை அவர் கூறினாராம்.

எழுதுவார்க்கும் பாடஞ்சொல்வார்க்கும் ஒரு வேண்டுகோள். 'ஆன்மபக்குவம்' என்னுந் தொடரை அறவே விலக்குக என்று யாம் கூறவில்லை. ஆன்றோர் ஆட்சியுடையதனை விலக்க யாம் யார்? முதன்முறை அதனை வழங்குமிடத்து 'மலபரிபாகம் பற்றி ஆன்மாவின்மேலேற்றிக் கூறும் உபசாரம்' என்று ஒரு வரி சேர்த்துவிடின் மாணாக்கர் பின்னர் மயங்கார். 'முதிர்ச்சி' என்பதனை இவ்விடத்து வழங்காதிருத்தல் இன்னும் நன்று. அச்சொல் ஆண்டையும் நரையையும் உடன்கொண்டே வருகின்றது.

மலபரிபாகத்தோடு இணைத்தோதப்படும் இருவினையொப்பென்பதும் இவ்வாறே உலகவழக்கால் மயக்கப்பட்டுள்ளது. நல்வினையும் தீவினையும் துலாக்கோலில் நிறையொத்து நிற்றலே அது என்று கொள்வார் உளர். காஞ்சிப்புராணத்து முதற்காண்டம் பாடியவரும் 1785-இற் சிவப்பேறு எய்தியவருமாகிய சிவஞானமுனிவர், இருவினைப்பயன்களிலும் உயிரின் அறிவு விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிகழ்தலே அதன் பொருளென்று மாபாடியத்தில் நாட்டினார். அதன் விரிவும், அது பரிபாகத்திற்கு முன்னோ உடனோ என்னும் ஆராய்ச்சியும் அடுத்த திங்களிற் கூறப்படும்.

திருச்சிற்றம்பலம்